ஜனவரி ஒன்றில் நின்ற கம்ப்யூட்டர்

அத்தியாயம் 7

ஸ்கூட்டர் நெட்டுக்குப்பத்துக்குள் நுழைந்ததுமே ஞானசெல்வி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

துறைமுகத்தில் சுங்கப் பரிசோதகராக இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவள் அவள். அழுகிய வெங்காய மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கடத்தல் தங்கத்தை எடுத்தவள். அப்பேர்ப்பட்டவளுக்கே இந்த ஊர்க் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. அனல்மின் நிலையக் கழிவு கலந்த கழிமுகத்துத் தண்ணீர் சாம்பல் கரைத்த நிறத்தில், குளிக்கக்கூடிய சூட்டில் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் எங்கேயோ ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் கலந்து தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது.

வேலையை விட்ட பிறகு, காணாமல் போனதைத் தேடிக் கொடுப்பதுதான் அவள் தொழில். வண்டியை ஓட்டிய நோயல் அதில் அவளுக்கு உதவியாளன். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன், முப்பது வயசு. அவன் வாய்க்கு மட்டும் இன்னும் இரண்டு வயசு கூட இருக்கும்.

"மூக்கைப் பொத்தி இன்னாக்கா பிரயோஜனம்? வாய் வழியா போவுதே. எனக்கு இன்னிக்கு நாஸ்டாவே வேணாம், வயிறு ரொம்பிடுச்சு."

"வாயை மூடு. பாதி குறையும்."

அவர்கள் தேடி வந்தது ஒரு ஹார்ட் டிஸ்க்கை. தொலைத்தவர் தாமோதரன், மீன்பிடிக்கிறவர், வயசு ஐம்பத்தைந்து. ஊரில் 'கம்ப்யூட்டர் தாமு' என்றால்தான் தெரியும். பதினாறு வயசில், கப்பல் ஆபீஸ் ஒன்று கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை மீன் வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தவர். அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்றுவரை விடவில்லை. கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த பீரோவில் சட்டைக்குப் பதிலாக மதர்போர்டை அடுக்கியவர். பெண்டாட்டி செத்து, பெண்ணைக் கட்டிக் கொடுத்த பிறகு, வீட்டில் அவரும் மெஷினும்தான்.

பத்தொன்பது வருஷமாகத் தினமும் விடிகாலையில் கழிமுகத்துக்குப் போய்த் தண்ணீரின் சூட்டையும் ஆழத்தையும் சாம்பல் படிவையும் அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்தார். யாரும் கேட்கவில்லை, யாரும் பாராட்டவும் இல்லை. இப்போது ஒரு கம்பெனி அதே கழிமுகத்தில் இன்னொரு வெந்நீர்க் குழாயை இறக்கப் பார்க்கிறது. பெயரைச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதனால் கம்பெனி என்றே வைத்துக்கொள்வோம். தண்ணீர் எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்பது அவர்கள் வாதம். இல்லை என்று சொல்ல உலகத்தில் ஒரே சாட்சி தாமுவின் கணக்கு. விசாரணை நாளை, வெள்ளிக்கிழமை, காலை பத்தரைக்கு.

செவ்வாய்க்கிழமை தாமு வக்கீலைப் பார்க்கப் போன மூன்று மணி நேரத்தில் மெஷினுக்குள் இருந்த டிஸ்க் போய்விட்டது. முறுக்கு டப்பாவுக்குள் வைத்திருந்த நகல் டிஸ்க்கும் போய்விட்டது. சாவி மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருப்பது ஊருக்கே தெரியும். முறுக்கு டப்பா விஷயமும் அப்படித்தான். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் மூடியைத் திறந்து காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறார் மனுஷன்.

வீட்டில் தாமுவுக்குத் துணையாக ஆறுமுகநயினார் இருந்தார். திருவொற்றியூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். பூர்வீகம் தென்காசிப் பக்கம். அந்த முதல் கம்ப்யூட்டரை மீன் வண்டியில் பின்னாலிருந்து தள்ளி வந்தது இவர்தான். நாற்பது வருஷச் சிநேகிதம். தாமுவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, திருடனைத் திட்டித் தீர்த்து, நடுவில் ஸ்டூலைப் போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தையும் திருத்தினார்.

"நாலு நிமிசம் முந்தி ஓடுதும்மா," என்று இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

வந்ததிலிருந்து கண்ணில் பட்ட முதல் நல்ல மனுஷன் என்று ஞானசெல்வி நினைத்தாள். வண்ணாரப்பேட்டை ஜெபசிங்கை விசாரிக்கச் சொன்னதும் அவர்தான். தாமுவின் மெஷினை விலைக்குக் கேட்டு மூன்று முறை வந்தவனாம். அதைச் சொல்லிவிட்டு, கடை திறக்க நேரமாச்சு என்று கிளம்பிப் போனார்.

நோயல் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். சுவரில் தினசரி காலண்டர் வெள்ளிக்கிழமையைக் காட்டியது. அன்றைக்கு வியாழன். உத்தரத்தில் வரிசையாகக் கம்பிகள் தொங்கின. கம்பி நிறையக் கிழித்த காலண்டர் தாள்கள், மீன் வாடையோடு.

"நேத்து தாளைக் கிழிக்கிற வூட்டைப் பார்த்துகீறேன். இவரு இன்னிக்குத் தாளையே காலைல கிழிச்சுடறாரு," என்றான் நோயல். "கெடாசவும் மாட்டாராம். எதனா சுண்டல் கடை போடற ஐடியா கீதா அண்ணாத்த?"

தாமு சிரிக்கவில்லை. இரண்டு நாளாக அவர் எதற்கும் சிரிக்கவில்லை.

மெஷினை ஆன் பண்ணச் சொன்னாள் ஞானசெல்வி. டிஸ்க் இல்லாத மெஷினை ஆன் பண்ணி என்ன ஆகப்போகிறது, களவு போனதிலிருந்து நான் தொடவே இல்லை என்றார் தாமு. அவள் விடவில்லை. சுங்கத்தில் காலிப் பெட்டியையும் ஒரு முறை திறந்து பார்ப்பது வழக்கம்.

மானிட்டரில் வெள்ளை எழுத்துகள் ஓடின. டிஸ்க்கைக் காணோம் என்று சொல்லி நின்றது. மூலையில் அன்றைய தேதி, அந்த நேரத்து மணி, நிமிஷம்.

தாமு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இது தப்பு. தேதிய இது என்னையத்தானே கேக்கணும்."

விஷயம் இதுதான். மதர்போர்டில் கடிகாரத்துக்கென்று ஒரு பட்டன் பேட்டரி உண்டு. அது செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. மெஷினை அணைத்துப் போட்டால் தேதி மறந்துபோகும். மறுபடி ஆன் பண்ணும்போது 2002 ஜனவரி ஒன்று என்று காட்டிவிட்டு, சரியான தேதியைக் கொடு என்று நிற்கும். தினமும் காலையில் தாமு தன் கையால் தேதியை அடிப்பார்.

"முப்பது ரூபா பேட்டரிதானே? மாத்தக் கூடாதா?" என்று கேட்டாள்.

"பாக்கறவன்லாம் அத்தான் கேப்பான்மா. நான் மாத்தல." மானிட்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "காலைல எழுந்தா அது என்னைய ஒரு கேள்வி கேக்குது. நான் பதில் சொல்றேன். இந்த வூட்ல என்னைய வேற எதுவும் கேள்வி கேக்கறதில்ல."

பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். பத்தொன்பது வருஷத் தூசிக்கும் உப்புத் துருவுக்கும் நடுவே புத்தம்புதிய பேட்டரி ஒன்று மினுமினுத்தது.

"திருட வந்தவன் பேட்டரி போட்டுட்டுப் போய்கிறான்," என்றான் நோயல். "இன்னும் அரை மணி நேரம் இருந்திருந்தா வூட்டுக்கு வெள்ளையும் அடிச்சிருப்பான்."

ஞானசெல்விக்கு முதுகு நிமிர்ந்தது. கம்பெனி அனுப்பிய அடியாளாக இருந்தால் டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருப்பான். இவன் திருட்டுக்கு நடுவில் செத்த பேட்டரியைப் பார்த்திருக்கிறான், மாற்றியிருக்கிறான், மாற்றிய கையோடு மெஷினை ஆன் பண்ணி நேரத்தையும் திருத்திவிட்டுப் போயிருக்கிறான். அது கையில் இருக்கிற அரிப்பு. சட்டைப் பையில் பேட்டரியோடு திரிகிற ஆளுக்குத்தான் அது வரும்.

*

ஜெபசிங்கின் அப்பாவுக்கு வண்ணாரப்பேட்டையில் மூன்று மாடிப் பாத்திரக் கடை. மேல்மாடியை மகன் 'கம்ப்யூட்டர் மியூசியம்' ஆக்கியிருந்தான். 'பிறவி நெர்ட்', அதாவது பிறவிக் கம்ப்யூட்டர் கிறுக்கன், என்று எழுதிய பனியன் போட்டிருந்தான். மூக்குக் கண்ணாடியில் கண்ணாடி இல்லை, வெறும் ஃபிரேம். பேச்சுக்குப் பேச்சு ஞானசெல்வியை ஆன்ட்டி என்றான். அவளுக்கு அங்கேயே பாதி வெறுத்துப்போனது.

மீதி, உள்ளே போனதும் வெறுத்துப்போனது. பழைய மானிட்டர் ஒன்றின் குடலை உருவி எறிந்துவிட்டு, தண்ணீர் ஊற்றி, தங்கமீன் விட்டிருந்தான். கீபோர்டு கட்டைகளைப் பிடுங்கித் தன் பெயரைச் சுவரில் ஒட்டியிருந்தான். காபி டம்ளருக்கு அடியில் வைக்க ஒரு மதர்போர்டை அறுத்து வட்டமாக்கியிருந்தான். மூன்று வயசிலிருந்தே கம்ப்யூட்டர்தான் தன் உயிர், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கேலி செய்தார்கள், அந்த வலிதான் இன்றைக்கு இந்த மியூசியம் என்று ஒப்பித்தான். தினமும் ஒப்பித்துப் பழகின பேச்சு. தாமுவின் வீட்டில் பீரோவுக்குள் துணி சுற்றி வைத்திருந்த போர்டுகள் ஞானசெல்விக்கு ஞாபகம் வந்தன. அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பிரசங்கம் வந்ததில்லை.

"இவன்தான்கா," என்று நோயல் காதைக் கடித்தான். "மூஞ்சைப் பாரு, மீன்தொட்டில கீற மீனே திரும்பிக்குது."

அவள் பதில் சொல்லாமல் எல்லா மெஷினையும் ஆன் பண்ணச் சொன்னாள். பதினொன்று இருந்தன, ஒன்பது உயிரோடு எழுந்தன. ஒன்று 1980 ஜனவரி ஒன்று என்றது. அடுத்தது 1994 ஜனவரி ஒன்று. இன்னொன்று 1999. எட்டு மெஷின்கள் இப்படி ஆளுக்கொரு புத்தாண்டில் நின்றன. தேதி ஏன் தப்பாக இருக்கிறது என்று கேட்டதற்கு, கரென்ட் சரியில்லாததால் இருக்கும் என்றான் பிறவி நெர்ட். பேட்டரி எங்கே இருக்கும் என்று கேட்டாள். பின்பக்கம் போய்ப் பிளக்கைத் தொட்டுக் காட்டினான்.

ஞானசெல்விக்கு ஏமாற்றமாக இருந்தது. இவன் திருடனாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் தன் வீட்டு மெஷின்களையே செத்த பேட்டரியோடு நிறுத்தி வைத்திருக்கிறவன், அடுத்தவன் வீட்டு மெஷினுக்கு எதற்குப் பேட்டரி போடப்போகிறான்? இவன் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்திருக்கவே மாட்டான். மெஷின் வேண்டுமென்றால் பெட்டியோடு தூக்கிப் போயிருப்பான்.

ஒன்பதாவது மெஷின் மட்டும் அன்றைய தேதியையும் நேரத்தையும் நிமிஷம் பிசகாமல் காட்டியது.

"இது மட்டும் எப்படி?"

"அது நயினார் அண்ணாச்சி போன வாரம் தந்தது ஆன்ட்டி. மத்ததெல்லாம் ஸ்க்ராப் ஏலத்துல எடுத்தது. அண்ணாச்சி பேட்டரி மாத்தாம, டைம் வைக்காம ஒரு பொருளையும் வெளியே விட மாட்டாரு. பாக்கெட்லயே பேட்டரி வச்சிருப்பாரு, மிட்டாய் மாதிரி."

ஞானசெல்வியின் கண் முன்னால் ஸ்டூல் வந்தது, சுவர்க் கடிகாரம் வந்தது, கையைத் துடைத்துக்கொண்ட நல்ல மனுஷன் வந்தார். காலையில் அவர் ஊற்றிக் கொடுத்த கஞ்சியை அவளும் ஒரு டம்ளர் குடித்திருந்தாள். நோயலைத் திருவொற்றியூருக்கு வண்டியை விடச் சொன்னாள்.

*

திருவொற்றியூர்த் தேரடியை ஒட்டி இருந்தது நயினாரின் கடை. சுவரில் நான்கு கடிகாரங்கள், நான்கிலும் முள் ஒரே இடத்தில். ஞானசெல்வி சுற்றி வளைக்கவில்லை. தாமுவின் மெஷினிலிருந்து கழற்றி வந்திருந்த பேட்டரியை மேஜைமேல் வைத்தாள்.

நயினார் அதைப் பார்த்தார். பிறகு தானாகவே மேஜை இழுப்பறையை இழுத்துக் கழுத்தில் மாட்டுகிற அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். கம்பெனியின் பெயர், அவர் போட்டோ, 'ஆலோசகர்' என்ற பட்டம்.

காசு ஒரு பைசா வாங்கவில்லை என்று சத்தியம் செய்தார். கம்பெனிக்காரர்கள் அவரைக் கூட்டிப்போய் ஒரு ஹாலைக் காட்டினார்களாம். குளுகுளுவென்று, ஆள் உயரத்துக்கு வரிசை வரிசையாக சர்வர்கள். அதைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு இனி உங்களுக்கு என்றார்களாம்.

"முப்பது வருசமா ஊரான் வீட்டு வைரஸை எடுத்துக்கிட்டு இருக்கேம்மா. கரப்பான் செத்துக் கிடக்கிற பெட்டியத்தான் தெறந்திருக்கேன். அங்க ஒரு தூசி இல்ல. சின்ன வயசுல நானும் தாமுவும் ஆசைப்பட்டது அதுதான். உள்ள நின்னப்ப எனக்கு அழுகையே வந்துட்டு."

இருபத்தாறு வருஷத்தில் ஞானசெல்வி எத்தனையோ லஞ்சத்தைப் பார்த்திருக்கிறாள். தங்கம், சரக்கு, சிங்கப்பூர் டிக்கெட். குளிர்ந்த அறை ஒன்றுக்காகச் சிநேகிதனை விற்றவனை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். கொளுத்தின ஒயர் வாடை இங்கேயும் வருகிற மாதிரி இருந்தது.

"அழிச்சாச்சா?"

நயினாருக்குக் கோபமே வந்துவிட்டது. "அழிக்கவா? அழிக்கத்தான் சொன்னாவ. பத்தொம்பது வருசக் கணக்கு. எவனுக்கும்மா கை வரும்?"

இரண்டு டிஸ்க்கையும் பருத்தித் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார். எடுத்து நீட்டினார். நோயல் மூச்சை விட்டான். அப்பாடா என்று ஞானசெல்வியும் கையை நீட்டினாள். அப்போதுதான் நயினார் முகத்தில் ஒரு பெருமிதம் தெரிந்தது.

"சரி பண்ணி வச்சிருக்கேன்," என்றார்.

"எதை?"

"கணக்குலயும் வரிக்கு வரி கையால தேதி அடிச்சா எப்படி இருக்கும்? ஜனவரி மாசம் பூரா பழைய வருசத்தையே அடிச்சிருக்கான். ஒரு இடத்துல பிப்ரவரி முப்பது இருக்கும்மா. இருநூத்திப் பதினாலு தப்பு. சொன்னா கேப்பானா? ரெண்டு நாளா உக்காந்து அத்தனையும் திருத்திட்டேன். ரெண்டு டிஸ்க்கும் ஒண்ணுபோல இருக்கணும்னு நகல்லயும் ஏத்தியாச்சு. விசாரணை முடிஞ்சதும் சத்தமில்லாம வச்சிட்டு வந்திருப்பேன், முன்னைவிட சுத்தமா."

ஞானசெல்வி நீட்டின கையை இழுத்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் அவளுக்குத் தெரியாது, சாட்சியம் தெரியும். கடைசியாக எப்போது கை வைத்தார்கள் என்பது அந்த டிஸ்க்கிலேயே பதிந்திருக்கும். செவ்வாய், புதன். கம்பெனி வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். அழித்திருந்தால் திருட்டு என்றாவது சொல்லலாம். இப்போது தாமுவே உட்கார்ந்து கணக்கை மாற்றிவிட்டார் என்று ஆகிவிடும். இதைச் சொன்னபோது நயினாரின் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது. இரண்டு நாளில் இது அவருக்குத் தோன்றவே இல்லை. தப்பு இருந்தது, திருத்தினார். அவ்வளவுதான் அவர் மூளைக்குள் ஓடியிருக்கிறது.

"த்தூ," என்றான் நோயல்.

*

சாயங்கால வெயிலோடு மூவரும் நெட்டுக்குப்பம் திரும்பினார்கள். எல்லாவற்றையும் ஞானசெல்விதான் சொன்னாள். தாமு டிஸ்க்குகளை வாங்கித் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி சுற்றி வைத்தார். நயினார் வாசல் ஓரமாக நின்றார். யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

காலையிலிருந்து பட்டினி கிடந்த நோயல் வழியில் வறுத்த மீன் வாங்கி வந்திருந்தான். அவனுக்குத் துக்கம் வந்தாலும் பசிக்கும். தின்று முடித்து எண்ணெய்க் கையைத் துடைக்கக் கம்பியிலிருந்து ஒரு காலண்டர் தாளை உருவினான். துடைக்கப் போனவன் நின்றான்.

"அண்ணாத்த, பின்னால பென்சில்ல இன்னாவோ எழுதிகீது."

"அது ரஃப்பு," என்றார் தாமு, திரும்பிப் பார்க்காமல். "ஆத்தாண்ட கம்ப்யூட்டரையா தூக்கினு போவ முடியும்? அன்னன்னிக்கி தாளைக் கிழிச்சுனு போயி அதுல குறிச்சுக்குவேன். வூட்டுக்கு வந்து ஏத்திட்டா அது குப்ப. கெடாச மனசு வரல, மாட்டி வச்சுகீறேன்."

ஞானசெல்வி தாளைப் பிடுங்கினாள். முன்பக்கம் அச்சடித்த தேதி, ராகுகாலம், எமகண்டம். பின்பக்கம் சூடு, ஆழம், சாம்பல், பென்சிலில். அடுத்த தாளை உருவினாள், அதற்கடுத்ததை உருவினாள். வருஷத்துக்கு ஒரு கம்பி. பத்தொன்பது கம்பிகள். எந்த ஆலோசகரும் போய்த் திருத்த முடியாத தேதி, அச்சகத்துக்காரன் போட்டது. பிப்ரவரி முப்பது அதில் கிடையாது.

தாமுவும் நயினாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்தொன்பது வருஷமாக ஒருவர் அந்தக் கம்பிகளுக்குக் கீழேதான் படுத்துத் தூங்கினார். இன்னொருவர் செவ்வாய்க்கிழமை அவற்றைத் தலையால் இடித்துக்கொண்டுதான் திருடினார். டிஸ்க்கில் ஏறினால்தான் கணக்கு, காகிதத்தில் இருப்பது குப்பை. இரண்டு பேருக்கும் அதில் சந்தேகமே வந்ததில்லை. கம்ப்யூட்டரே தெரியாத ஒருவன் கை துடைக்கப் போய்க் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தாள்களை மறுநாள் விசாரணைக்கு எடுத்துப்போக, நோயல் மூட்டை கட்டக் கோணி தேடி ஓடினான். நயினார் தயங்கித் தயங்கி உள்ளே ஓரடி வைத்தார். "ஏல தாமு, நான் வேணா அடுக்கித் தரட்டுமா? தேதி வரிசையா..."

தாமு எழுந்தார். ஞானசெல்வியிடம் கையை நீட்டி அந்த பட்டன் பேட்டரியைக் கேட்டு வாங்கினார். நயினாரின் சட்டைப் பைக்குள் அதைப் போட்டார். போட்ட விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"உன்து. எட்துனு போ."

நாற்பது வருஷச் சிநேகிதம் அந்த மூன்று வார்த்தையில் முடிந்தது. நயினார் படி இறங்கிப் போவதை ஞானசெல்வி பார்த்துக்கொண்டு நின்றாள். கடற்கரைப் பக்கம் திரும்பும் வரை அவர் கையைச் சட்டைப் பையை விட்டு எடுக்கவே இல்லை.

தாமு மெஷினின் மூடியை மாட்டி ஆன் பண்ணினார். 2002 ஜனவரி ஒன்று என்று காட்டிவிட்டு, சரியான தேதியைக் கொடு என்று நின்றது. அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டிஸ்க்கே இல்லாத பொட்டிக்குத் தேதி எதுக்கு அண்ணாத்த?" என்று கோணியும் கையுமாக நின்ற நோயல் கேட்டான். இந்த முறை அவன் கேலி செய்யவில்லை.

"அது கேக்குதுல்ல," என்றார் தாமு, ஒவ்வொரு எண்ணாக அடித்துக்கொண்டே.